பாடம் 11: விமானம் நிற்கிறது, கடல் ஓடுகிறது

மாணவர்களே, இந்த வாக்கியத்தை வாசியுங்கள்:

விமானம் கடலின் மேல் பறக்கிறது.

எழுவாய் உண்டு. பயனிலை உண்டு. பிழை இல்லாத வாக்கியம். ஆனால் '1942' என்ற பழைய காணொளி விளையாட்டில் நடப்பது இது அல்ல. அங்கே உங்கள் விமானம் முன்னே போவதில்லை. அது திரையின் கீழ்ப்பகுதியில் நிற்கிறது. நீங்கள் அதைச் சிறிது இடப்பக்கம், வலப்பக்கம், மேலே, கீழே அசைக்கலாம். அவ்வளவுதான். கடல்தான் திரையின் மேலிருந்து கீழே ஓடுகிறது. தீவுகளும் அதனுடன் ஓடுகின்றன. நம் கண்களோ விமானம் வேகமாகப் பறக்கிறது என்று நம்பிவிடுகின்றன.

திரிம்பாக்கில் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்த ஏமாற்றம் நன்றாகத் தெரியும். ஒல்ரன் நிலையத்தில் தொடருந்தில் ஏறி யன்னல் ஓரமாக இருக்கிறீர்கள். பக்கத்துத் தண்டவாளத்தில் இன்னொரு வண்டி நிற்கிறது. அது மெதுவாக அசைகிறது. உடனே, "வெளிக்கிட்டிட்டம்!" என்று நினைக்கிறீர்கள். மற்றப் பக்கம் திரும்பி மேடையைப் பார்த்த பிறகுதான் தெரியும், நீங்கள் இன்னும் ஒல்ரனில்தான் இருக்கிறீர்கள். அசைந்தது அந்த வண்டி.

விளையாட்டைச் செய்தவர்கள் செய்த வேலையும் அதுதான். ஆனால் அவர்கள் திரும்பிப் பார்ப்பதற்கு ஒரு மேடையை வைக்கவில்லை.

நாணயம் போட்டு விளையாடும் பெட்டி

உங்கள் பெற்றோர் சிறுவர்களாக இருந்த காலத்தில் கைப்பேசி விளையாட்டு இல்லை. கடைகளிலும் விளையாட்டுக் கூடங்களிலும் ஆளுயரப் பெட்டிகள் நின்றன. பெட்டியில் ஒரு திரை, ஒரு கைப்பிடி, இரண்டு மூன்று பொத்தான்கள் இருக்கும். நாணயம் போட்டால் விளையாட்டுத் தொடங்கும். தோற்றால் இன்னொரு நாணயம். இதனால் விளையாட்டு மிக இலகுவாகவும் இருக்கக் கூடாது, மிகக் கடினமாகவும் இருக்கக் கூடாது. இலகு என்றால் ஒரே நாணயத்தில் ஒரு பிள்ளை மாலை வரை நிற்கும். கடினம் என்றால் இரண்டாவது நாணயத்தை யாரும் போட மாட்டார்கள்.

1978ஆம் ஆண்டில் யப்பானின் தைத்தோ நிறுவனம் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டது. அதில் நீங்கள் கீழே நின்று மேலே சுடுவீர்கள். பின்னால் வெறும் கறுப்பு. எதுவும் ஓடாது. சில ஆண்டுகளுக்குப் பிறகு நம்கோ நிறுவனத்தின் 'செவியஸ்' வந்தது. அதில் காடு, ஆறு, மணல்வெளி எல்லாம் விமானத்தின் கீழே ஓடின. பார்த்தவர்கள் வியந்தார்கள். அதற்குப் பிறகு 1984 டிசம்பரில் ஒசாகா நகரத்தின் கப்கொம் நிறுவனம் '1942'ஐ வெளியிட்டது. அதை வடிவமைத்தவர் யோஷிகி ஒகமோட்டோ.

அந்தப் பெட்டியின் திரையில் குறுக்கே 224 புள்ளிகளும் நெடுக்கே 256 புள்ளிகளும்தான் இருந்தன. இன்று உங்கள் கைப்பேசித் திரையின் ஒரு மூலைக்குள் அந்த முழு விளையாட்டையும் வைத்துவிடலாம். தொலைக்காட்சித் திரை அகலமானது அல்லவா? அதைப் பக்கவாட்டில் திருப்பி, நெடுக்காக நிறுத்திப் பெட்டிக்குள் பொருத்தினார்கள். அப்போதுதான் மேலிருந்து வரும் எதிரியைத் தூரத்திலேயே காணலாம்.

கணினியின் நினைவகமும் மிகச் சிறியது. ஒரு முழுக் கடலை அதற்குள் வைக்க முடியாது. அதனால் சிறிய சதுரப் படங்களைச் செய்தார்கள். ஒன்றில் அலை, ஒன்றில் கரை, ஒன்றில் மரம். குளியலறையில் ஓடு பதிப்பது போல அவற்றை வரிசையாக அடுக்கினார்கள். திரையின் கீழே ஒரு வரிசை மறையும். மேலே ஒரு புதிய வரிசை வரும். ஒரே அலைப்படம் நூறு தடவை வந்தாலும் நாம் அதைக் கவனிப்பதில்லை. எதிரி விமானத்தைத் தானே பார்த்துக்கொண்டிருக்கிறோம்!

உங்கள் விமானத்தின் பெயர் பி-38. அமெரிக்க விமானம். அதற்கு உடல் போல இரண்டு நீண்ட பாகங்கள், பின்னால் இரட்டை வால். அதனால் சிறு படத்திலும் அதை அடையாளம் காணலாம். எதிரே வருபவை யப்பானிய விமானங்கள். மொத்தம் 32 கட்டங்கள். ஆனால் எண்ணிக்கை தலைகீழானது: 32இல் தொடங்கி 31, 30 என்று இறங்கி 1இல் முடியும். சிவப்பு விமானங்கள் அணியாக வரும். ஒன்றுகூடத் தப்பாமல் முழு அணியையும் வீழ்த்தினால் ஓர் அடையாளம் கிடைக்கும். அதை எடுத்தால் உங்கள் துப்பாக்கி பெரிதாகும், அல்லது இரண்டு குட்டி விமானங்கள் துணைக்கு வரும். ஆபத்து என்றால் வானத்தில் ஒரு குட்டிக்கரணம் அடிக்கலாம். அந்த நேரம் குண்டு எதுவும் உங்களில் படாது. குட்டிக்கரணங்கள் மூன்றுதான். அநேகமானோர் மூன்றையும் முதல் நிமிடத்திலேயே முடித்துவிடுவார்கள்.

ஒவ்வொரு கட்டம் முடிந்ததும், வந்த எதிரிகளில் எத்தனை வீதத்தை வீழ்த்தினீர்கள் என்று திரை சொல்லும். பள்ளிக்கூடத்தில் புள்ளி போடுவது போலத்தான்.

விமானம் புறப்படுவதும் இறங்குவதும் ஒரு விமானந்தாங்கிக் கப்பலில். உண்மையான பி-38 கப்பலிலிருந்து பறந்த விமானம் அல்ல. அது தரையிலிருந்து புறப்படும் விமானம். விளையாட்டில் அதை யாரும் கேட்பதில்லை. இன்னொரு புதுமையும் உண்டு. விளையாட்டைச் செய்தவர்கள் யப்பானியர். அதில் வீழ்பவை யப்பானிய விமானங்கள். வெளிநாடுகளில் விற்க வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்தார்கள். இசையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒரு விசில், ஒரு மேளம். முடிவே இல்லாமல் அதே விசில், அதே மேளம்.

உரையாடல்: திரிம்பாக்கில் ஒரு பின்னேரம்

(மாடிக் குடியிருப்பு ஒன்றின் மூன்றாம் மாடி. தம்பிக்குப் பத்து வயது. பழைய விளையாட்டுகளின் தொகுப்பு ஒன்றில் '1942' விளையாடுகிறான். அக்கா வீட்டுப்பாடம் எழுதுகிறாள். அம்மம்மா தேத்தண்ணியோடு வருகிறார்.)

அம்மம்மா: என்னடா தம்பி, உது என்ன சத்தம்? விசில் ஊதுற மாதிரிக் கிடக்கு.

தம்பி: கேம் அம்மம்மா. பழைய கேம். அப்பா சின்னனா இருக்கேக்க விளையாடினதாம்.

அம்மம்மா: பேர் என்ன?

தம்பி: நொயின்சேன்ஹுண்டர்ட்...

அம்மம்மா: தமிழில சொல்லு ராசா.

தம்பி: ஆயிரத்து... தொள்ளாயிரத்து... இரண்டும் நாப்பதும்.

அக்கா: ஐயோ, அது டொச்சில எண்ணுற மாதிரி. தமிழில நாப்பது முதல் வரும். நாப்பத்திரண்டு.

அம்மம்மா: நாப்பத்திரண்டாம் ஆண்டோ? அந்த வருசம்தானே எங்கட திருகோணமலையில குண்டு போட்டது.

தம்பி: ஆர் போட்டது?

அம்மம்மா: யப்பான்காரர். நான் அப்ப பிறக்கேல்லை. எங்கட அம்மா சொல்லுவா. விடியக் காலமையாம். சீனக்குடாப் பக்கம் கரும்புகை எழும்பினதாம். எண்ணெய்த் தாங்கி எரிஞ்சது. அந்தத் தாங்கியை நான் சின்னப் பிள்ளையில பார்த்தனான். இரும்பு கடதாசி மாதிரிச் சுருண்டு கிடந்தது.

அக்கா: உண்மையாவோ? கேமிலயும் யப்பான் பிளேன்தான் வருது.

அம்மம்மா: எங்க, பாப்பம். (கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்க்கிறார்.) பிளேனுக்குக் கீழ என்ன கிடக்கு?

தம்பி: கடல். சில நேரம் தீவு வரும்.

அம்மம்மா: ஆக்கள்?

தம்பி: ஆக்கள் இல்லை. மேல இருந்து பாத்தால் ஆக்கள் தெரியாதுதானே.

அம்மம்மா: ஓமோம். மேல இருந்து பாத்தால் தெரியாதுதான்.

(சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. விசில் மட்டும் கேட்கிறது.)

அம்மம்மா: நான் பிளேனை எப்பவும் கீழ இருந்துதான் பாத்தனான். கலியாணம் கட்டி யாழ்ப்பாணம் போனாப் பிறகு, சத்தம் கேட்டால் முதல் பிள்ளையளைப் பங்கருக்குள்ள இறக்கிறது. பிறகுதான் அண்ணாந்து பாக்கிறது. மேல இருந்து நிலத்தைப் பாத்தது சூரிச்சுக்கு வரேக்கதான். அண்டைக்கு யன்னல் பக்கம் இருந்தும் நான் கன நேரம் பாக்கேல்லை.

தம்பி: பங்கர் எண்டால் எங்கட கெல்லர் மாதிரியோ?

அம்மம்மா: (சிரித்து) உங்கட கெல்லருக்கு லைற் இருக்கு, கதவு இருக்கு. எங்கடது மண்ணில வெட்டினது. மேல பனங்குற்றி அடுக்கி, அதுக்கு மேல மண்மூட்டை. மழை பெய்தால் முழங்கால் மட்டும் தண்ணி.

அக்கா: பாம்பு வராதோ?

அம்மம்மா: வரும். பாம்புக்குப் பயந்தால் வெளியில நிக்கேலுமோ?

தம்பி: அம்மம்மா... நான் இதை நிப்பாட்டட்டோ?

அம்மம்மா: ஏன் நிப்பாட்டுறாய்? விளையாடு. அங்க பார், உன்ர பிளேனுக்குப் பின்னால ஒண்டு வருது! அந்த விசிலை மட்டும் கொஞ்சம் குறைச்சுப்போட்டு விளையாடு.

கெல்லரும் பங்கரும்

தம்பி கேட்ட கேள்வி நல்ல கேள்வி. சுவிற்சர்லாந்தில் பல மாடிக் குடியிருப்புகளின் நிலக்கீழ் அறைக்குத் தடித்த கொங்கிறீற் கதவு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது சும்மா போட்ட கதவு அல்ல. புதிய வீடுகளில் பாதுகாப்பு அறை இருக்க வேண்டும் என்று 1963ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொன்னது. அதனால்தான் இந்த நாட்டு மக்கள் எல்லோருக்கும் போதுமான அளவு பாதுகாப்பு இடங்கள் நிலத்தின் கீழ் உள்ளன. இப்போது அங்கே சைக்கிள், பனிச்சறுக்குப் பலகை, உருளைக்கிழங்கு, பழைய மெத்தை எல்லாம் இருக்கின்றன. பெரும்பாலான வீடுகளில் நம் அரிசி மூட்டையும் இருக்கும்.

ஒவ்வோர் ஆண்டும் பெப்ரவரி மாதத்தின் முதற் புதன்கிழமை, மதியம் 1.30 மணிக்கு, நாடு முழுவதும் அபாயச் சங்கு ஊதிப் பார்ப்பார்கள். பள்ளிக்கூடத்தில் முதலே சொல்லிவிடுவார்கள். பிள்ளைகள் பயப்படுவதில்லை. ஆனால் புதிதாக இந்த நாட்டுக்கு வந்த பெரியவர்களுக்கு யாராவது சொன்னார்களா? அடுத்த பெப்ரவரியில் உங்கள் வீட்டில் அதை நீங்களே முதலில் சொல்லுங்கள்.

இலங்கையில் 1942

அம்மம்மாவின் தாயார் சொன்னது சரிதான். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், இரண்டாம் உலகப்போர் நடந்தபோது, யப்பானின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் இந்து சமுத்திரத்துக்கு வந்தன. அகாகி, சோர்யூ, ஹிர்யூ, ஷோகாகு, சுயிகாகு என்பன அவற்றின் பெயர்கள். அவற்றுக்குத் தலைமை தாங்கியவர் நகுமோ. அப்போது இலங்கை பிரித்தானியரின் ஆட்சியில் இருந்தது.

ஏப்ரல் 4ஆம் திகதி, கனடா நாட்டு விமானி லெனார்ட் பேர்ச்சால் தெற்கே கொக்கலையிலிருந்து புறப்பட்டுக் கடலைக் கண்காணித்தார். இலங்கைக்கு வந்து இரண்டு நாட்கள்தான் ஆகியிருந்தன. மாலை வேளையில் தூரத்தில் சில புள்ளிகளைக் கண்டார். அருகே போனார். புள்ளிகள் கப்பல்களாயின. உடனே வானொலியில் செய்தி அனுப்பத் தொடங்கினார்கள். யப்பானிய விமானங்கள் வந்து அவருடைய விமானத்தைச் சுட்டு வீழ்த்தின. உயிர் தப்பியவர்களோடு அவரும் சிறைப்பட்டார். போர் முடியும்வரை வீடு திரும்பவில்லை. ஆனால் செய்தி கொழும்புக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. துறைமுகத்திலிருந்த பல கப்பல்கள் வெளியேறின.

அடுத்த நாள் உயிர்த்த ஞாயிறு. காலையில் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. துறைமுகத்தில் கப்பல்கள் மூழ்கின. மக்கள் பலர் நகரத்தை விட்டுக் கிராமங்களுக்குப் போனார்கள். ஏப்ரல் 9ஆம் திகதி காலை, திருகோணமலை. துறைமுகமும் சீனக்குடா விமானத்தளமும் தாக்கப்பட்டன. யப்பானிய விமானம் ஒன்று எண்ணெய்த் தாங்கி ஒன்றின் மேல் விழுந்தது. தாங்கி நாட்கணக்கில் எரிந்தது.

அன்றே மட்டக்களப்புக்கு அப்பால், கடலில், 'ஹெர்மிஸ்' என்ற பிரித்தானியக் கப்பலும் மூழ்கியது. விமானந்தாங்கிக் கப்பலாகவே திட்டமிட்டு வரையப்பட்ட உலகின் முதற் கப்பல் அது. ஆனால் அன்று அதன் மேல் விமானம் ஒன்றும் இருக்கவில்லை. கப்பலில் இருந்தவர்களில் 307 பேர் இறந்தார்கள். அந்தக் கப்பல் இன்றும் மட்டக்களப்புக் கடலின் அடியில் கிடக்கிறது. மீன்கள் அதற்குள் வாழ்கின்றன. பயிற்சி பெற்ற சுழியோடிகள் இறங்கிப் பார்க்கிறார்கள்.

இனி விளையாட்டுக்கு வருவோம். '1942' விளையாட்டில் முதற் கட்டத்தின் பெயர் மிட்வே. அது பசிபிக் சமுத்திரத்தில் இருக்கும் சிறிய தீவு. 1942 யூன் மாதம் அங்கே பெரிய சண்டை நடந்தது. அதில் யப்பானின் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்கள் மூழ்கின. நான்கில் மூன்றின் பெயரை நீங்கள் சற்று முன்பு வாசித்தீர்கள்: அகாகி, சோர்யூ, ஹிர்யூ. ஏப்ரலில் கொழும்புக்கும் திருகோணமலைக்கும் வந்த அதே கப்பல்கள். இரண்டு மாதம்கூட முழுதாகப் போகவில்லை. திரையில் நீலமாக ஓடும் அந்தச் சதுரங்கள் அந்தக் கடலைத்தான் காட்டுகின்றன.

சொல் அறிவோம்

விமானந்தாங்கிக் கப்பல் – விமானங்கள் புறப்படவும் இறங்கவும் மேல்தளம் உள்ள பெரிய போர்க்கப்பல்
அண்ணாந்து பார்த்தல் – தலையைப் பின்னே சாய்த்து மேலே பார்த்தல்
பதுங்குகுழி – குண்டுவீச்சின்போது ஒளிந்திருக்க நிலத்தில் வெட்டிய குழி. பேச்சில் 'பங்கர்'
தாங்கி – எண்ணெய் அல்லது தண்ணீர் சேமிக்கும் பெரிய கொள்கலம்
குட்டிக்கரணம் – தலைகீழாகப் புரண்டு எழுதல்
சுழியோடி – கடலின் அடிக்கு நீந்திப் போகிறவர்
வீதம் – நூற்றுக்கு எத்தனை என்று சொல்வது

பேச்சும் எழுத்தும்

அம்மம்மா "பிறக்கேல்லை" என்கிறார். எழுதும்போது "பிறக்கவில்லை" என்று எழுதுவோம். "வரேக்க" என்பது "வரும்போது". "ஆக்கள்" என்பது "ஆட்கள்". "நிக்கேலுமோ?" என்பது "நிற்க இயலுமோ?" பேச்சு வழக்கு பிழையான தமிழ் அல்ல. வீட்டில் பேசுவது அதுதான். கடிதத்திலும் கட்டுரையிலும் மற்றதை எழுதுகிறோம்.

கீழே உள்ளவற்றை எழுத்துத் தமிழில் மாற்றுங்கள்.

1. அப்பா சின்னனா இருக்கேக்க விளையாடினதாம்.
2. அந்தத் தாங்கியை நான் சின்னப் பிள்ளையில பார்த்தனான்.
3. அங்க பார், உன்ர பிளேனுக்குப் பின்னால ஒண்டு வருது!

விடை எழுதுங்கள்

1. '1942' விளையாட்டில் உண்மையில் அசைவது எது? ஒல்ரன் தொடருந்து நிலையத்தை உதாரணமாக வைத்து விளக்குங்கள்.
2. நாணயப் பெட்டியில் விளையாட்டு மிக இலகுவாக இருந்தால் கடைக்காரருக்கு என்ன நடக்கும்?
3. லெனார்ட் பேர்ச்சால் அனுப்பிய செய்தியால் என்ன பயன் கிடைத்தது?
4. அம்மம்மா விமானத்தில் யன்னல் பக்கம் இருந்தும் கன நேரம் கீழே பார்க்கவில்லை. ஏன் என்று நினைக்கிறீர்கள்? நான்கு வரிகள் எழுதுங்கள். இதற்கு ஒரே சரியான விடை இல்லை.
5. 1942, 1984, 2026 ஆகிய ஆண்டுகளைத் தமிழில் எழுத்தால் எழுதி, உரத்து வாசியுங்கள். டொச்சில் எண்ணுவதற்கும் தமிழில் எண்ணுவதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லுங்கள்.

செய்து பார்ப்போம்

ஒரு வெற்றுத் தீப்பெட்டியின் உறையை எடுங்கள். அதன் முன்பக்கத்தில் ஒரு சதுர யன்னலை வெட்டுங்கள். அந்த யன்னலை விடச் சற்று அகலமான, ஒரு மீற்றர் நீளமான கடதாசி நாடா ஒன்றை வெட்டி, அதில் கடலும் தீவுகளும் வரையுங்கள். ஒரு தீவில் திருகோணமலை என்று எழுதி, அங்கே ஒரு வீடும் வாசலில் நிற்கும் ஆட்களும் கீறுங்கள். நாடாவை உறைக்குள் நுழையுங்கள். ஒளிபுகும் தாளில் ஒரு சிறு விமானம் வரைந்து யன்னலில் ஒட்டுங்கள். இப்போது நாடாவை மெதுவாகக் கீழே இழுங்கள். விமானம் பறக்கிறதா? பிறகு வேகமாக இழுத்துப் பாருங்கள். வாசலில் நிற்கும் ஆட்கள் எந்த வேகத்தில் கண்ணுக்குத் தெரிகிறார்கள், எந்த வேகத்தில் மறைகிறார்கள் என்று குறித்து, அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.